படம் எடுத்து அனுப்புங்கோ

காலை ஏழு மணியிலிருந்து என் போனுக்கு வருகிற படங்களைப் பார்த்தால் என்னை ஏதோ தோல் வைத்தியர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்து முன்பள்ளி ஆசிரியை. படங்களில் இருப்பது என் பிள்ளைகளின் முதுகு, வயிறு, தொடை, உள்ளங்கை. கீழே ஒரே கேள்வி: "ரீச்சர், இதோட அனுப்பலாமோ?" அதே படம் அதே நேரம் ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கும், லண்டனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மச்சாளுக்கும், சந்தி பார்மசித் தம்பிக்கும் போயிருக்கும். பெரியம்மா "அம்மாள் மாதிரிக் கிடக்கு, வேப்பிலை கட்டு" என்பா. மச்சாள் "அலர்ஜி போல, நேற்று என்ன சாப்பிட்டவன்?" என்று கேட்பா. தம்பி கேள்வியே கேட்கமாட்டான், அரிப்புக்குக் கொடுக்கிற பிரிட்டோன் சிரப்பை எடுத்து வைத்துவிட்டு விலையை அனுப்புவான். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்ன பிறகு தீர்ப்பு என் தலையில் விழும், ஏனென்றால் வாசலில் நிற்பவள் நான்.

இந்தப் படம் அனுப்புகிற வேலையில் எனக்கு முதலிலிருந்தே ஒரு மனத்தாங்கல். அது என்னவென்று சரியாகச் சொல்ல எனக்குக் கன காலம் எடுத்தது. படம் மங்கலாக இருக்கும், இரவில் குண்டு பல்ப் வெளிச்சத்தில் எல்லாத் தோலும் மஞ்சளாகத் தெரியும், சில போன்கள் கேட்காமலே தோலை வெளுப்பாக்கிவிடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் நல்ல வெயிலில் நல்ல கமராவால் எடுத்த படத்திலும் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் புள்ளி எப்போது வந்தது, அதற்கு முதல் நாள் பிள்ளைக்கு என்ன நடந்தது, இப்போது பிள்ளை என்ன செய்கிறது என்பவை படத்தில் இல்லை. ஏ9 வீதியில் நிற்கிற பஸ்ஸைப் பக்கவாட்டில் படம் பிடித்துவிட்டு, அது வவுனியாவுக்குப் போகிறதா பரந்தனுக்குப் போகிறதா என்று கேட்பது போன்ற கேள்விதான் இந்த "இது என்ன?" என்பது.

சிவப்பு என்று எழுதியிருக்கும்

இன்னொரு கரைச்சலும் உண்டு. இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படங்கள். "கன்னத்தில் அறைந்தது போன்ற சிவப்பு" என்று ஒரு வைரஸ் வருத்தத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். பார்வோ வைரஸ் பி19 என்கிற கிருமியால் வருவது. வெளுத்த கன்னத்தில் அது பளிச்சென்று தெரியும். எங்கள் பிள்ளைகளின் கன்னத்தில் கொஞ்சம் கருமை கூடினது போலவோ, வெயிலில் விளையாடிவிட்டு வந்தது போலவோதான் இருக்கும். அதற்குப் பிறகு கையிலும் தொடையிலும் வலைப்பின்னல் மாதிரி ஒன்று படரும். அதை எண்ணெய் தேய்க்கிற அம்மாதான் கண்டுபிடிப்பா, கமரா கண்டுபிடிக்காது.

மாநிறத் தோலில் சிவப்பு பெரும்பாலும் ஊதாவாக, கபிலமாக, சில வேளை சாம்பலாகத் தெரியும். அதனால் கண்ணோடு கையையும் பாவிக்க வேண்டும். மேடு தட்டுகிறதா, சொரசொரப்பா, சுடுகிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்பக்கம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் நிறம் குறைவு என்பதால் அங்கே மாற்றம் முதலில் தெரியும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, மாநிறத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். வகுப்பில் காட்டிய படங்களில் தன் தோல் நிறத்தைக் காணவில்லை என்பதுதான் அவருடைய தொடக்கம். லண்டனிலேயே அது 2020 வரை பொறுத்திருந்ததென்றால், ஒட்டுசுட்டான் அம்மா கூகிளைப் பார்த்துக் குழம்புவதில் என்ன அதிசயம்.

முதல் காய்ச்சலா, முதல் புள்ளியா

என் தங்கச்சி கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு ஒரு வயது ஆகாத நேரம் காய்ச்சல் பிடித்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, 104 வரை ஏறியது. பனடோல் சிரப் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், பிறகு மறுபடி ஏறும். இருமல் இல்லை, தடிமன் இல்லை. இரண்டாம் நாள் தனியார் மருந்தகம் ஒன்றில் காட்டினார்கள். தொண்டை சிவந்திருக்கிறது என்று அமொக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். நாலாம் நாள் விடியக் காய்ச்சல் முற்றாக விட்டது. வீடே மூச்சு விட்டது. மத்தியானம் பால் கொடுக்கும்போது பார்த்தால் நெஞ்சு, கழுத்து, முதுகு எல்லாம் பொடிப் புள்ளி.

படம் பறந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே பதில்: மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து விற்றவர்கள், இனி வாழ்நாளில் இந்தப் பிள்ளைக்குப் பெனிசிலின் வகை எதுவும் கொடுக்கக் கூடாது, கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கோ என்றார்கள். தங்கச்சி அழுதுகொண்டு போன் எடுத்தாள். அடுத்த நாள் நானும் கூடப்போய் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தோம்.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் பெடியன். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தங்கச்சி கதிரையில் இருக்க முதலே போனை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. "முதல் காய்ச்சல்? முதல் புள்ளி?" என்றார். காய்ச்சல் என்றாள். "காய்ச்சல் இப்ப?" இல்லை. "எப்ப போனது?" நேற்று விடிய. "புள்ளி எப்ப?" நேற்று மத்தியானம். "மருந்து எப்ப துவங்கினது?" அதற்கும் நாள் சொன்னாள். "சாப்பாடு?" இப்போதுதான் வாசலில் ஒரு வாழைப்பழம் முழுக்கத் தின்றவன் என்றேன் நான். அவர் சிரித்தார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் அத்தனையும் அந்தக் கேள்விகளுக்கே சரியாக இருந்தன. கூடுதல் தமிழ் தெரிந்திருந்தால் இவ்வளவு நேராகக் கேட்டிருப்பாரோ தெரியாது.

பிறகுதான் பிள்ளையைத் தொட்டார். சட்டையைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பெருவிரலால் புள்ளியை அமத்திவிட்டு எடுத்தார். மறைந்து திரும்பி வந்தது. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். வாயைத் திறந்து பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிள்ளை அவருடைய கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். அதையும் அவர் ஒரு பரிசோதனையாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ரோசியோலா என்றார். நேர்ஸ் தமிழில் விளக்கினா. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வருகிற வைரஸ் வருத்தம். மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 என்ற கிருமி பெரும்பாலும் காரணம், சில வேளை அதன் அடுத்த இலக்கம் 7. மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை கடும் காய்ச்சல், காய்ச்சல் விட்ட கையோடு உடம்பில் புள்ளி, ஒன்றிரண்டு நாளில் அதுவும் போய்விடும். காய்ச்சல் திடீரென்று ஏறுவதால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம், பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும். மற்றபடி மருந்து ஒன்றும் தேவையில்லை. கடைசியாக நேர்ஸ் சொன்ன ஒரு வரிதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது: "இந்தச் சிரப் குடிக்காட்டியும் புள்ளி நேற்று வந்துதான் இருக்கும்."

தங்கச்சிக்கு மனம் ஆறவில்லை. "அப்ப அலர்ஜி எண்டு எழுத மாட்டியளோ?" என்று கேட்டாள். அவர் கொப்பியை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். காய்ச்சல் தொடங்கிய திகதி, மருந்து தொடங்கிய திகதி, காய்ச்சல் விட்ட திகதி, புள்ளி வந்த திகதி. கீழே ஒரு வரியில் நோயின் பெயர். அவ்வளவுதான். பிறகு எந்த ஊரில் எந்த டொக்டர் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அவர் இவரை நம்பத் தேவையில்லை, திகதியைப் பார்த்துத் தானே முடிவெடுக்கலாம்.

அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனை பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு நிறைய யோசித்தேன். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரு கோளாறும் இருப்பதில்லை. பலருடைய கதையிலும் சின்ன வயதுக் காய்ச்சலும், அதோடு கொடுத்த மருந்தும், பிறகு வந்த புள்ளியும்தான் இருக்கும். அந்தப் பெயரோடு வளர்கிற பிள்ளைக்கு நாளைக்கு நிமோனியா வந்தாலும், எளிமையான மலிவான மருந்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவார்கள். அதற்காக மருந்து ஒவ்வாமை பொய் என்று ஆகாது. மருந்து குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் காணாக்கடி மாதிரித் தடித்துத் தடித்து எழும்பினால், உதடோ கண் இமையோ வீங்கினால், மூச்சு இழுத்தால் அது வேறு கதை. மருந்தை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாட்கணக்கில் பிந்தி வருகிற ஒவ்வாமையும் உண்டு. அதனால்தான் அதை டொக்டர் தீர்மானிக்க வேண்டும், அவர் தீர்மானிக்க நாங்கள் திகதி கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டது, ஆனால்

இந்த நாள் கணக்கைப் பெரிதாகப் பேசத் தொடங்கிய பிறகு எனக்கே ஒரு பயம் வந்தது. காய்ச்சல் விட்டது, புள்ளி வந்தது, அப்படியென்றால் நல்லது என்று யாரும் பாடமாக்கிவிடக் கூடாது. மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் டெங்கு வரும். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. அதைத் தாண்டி உடம்பு தேறும்போது கையிலும் காலிலும் செம்மை பரவி, நடுவில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வரிசை ஏறத்தாழ ஒன்றுதான், பொருள் தலைகீழ்.

பிரித்துச் சொல்வது பிள்ளையின் நடத்தைதான். ரோசியோலாப் பிள்ளை காய்ச்சல் விட்டதும் விளையாடும், சாப்பாடு கேட்கும். டெங்கில் மோசமாகிற பிள்ளை காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடக்கும். வயிறு நோகுது என்று முனகும், விடாமல் சத்தி எடுக்கும், கை கால் சில்லிட்டுப் போகும், சலம் போவது குறையும். முரசிலோ மூக்கிலோ இரத்தம் கண்டால் சொல்லவே வேண்டாம். மாரியில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் இரத்தம் சோதிப்பது எங்கள் நாட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். ஐபுபுரோபன், டைக்குளோபினாக், டிஸ்பிரின் எதுவும் வேண்டாம். பரசிற்றமோலும் நிறைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் 8 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளில் நாலு தரத்துக்கு மேல் இல்லை. தேநீர்க் கரண்டியை விடுங்கோ, ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு.

அமத்திப் பார்க்கிற பழக்கத்தை அந்த டொக்டரிடம் பார்த்த பிறகு நானும் எல்லா அம்மாமாருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். விரலைவிடக் கண்ணாடித் தம்ளர் நல்லது. பக்கவாட்டில் வைத்து அமத்தினால் சாதாரண வைரஸ் புள்ளி தம்ளருக்கு அடியில் மறையும். மறையாமல் ஊதாவாக அப்படியே நின்றால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். காய்ச்சலோடு அப்படி இருந்தால் மூளைக்காய்ச்சல் கிருமியாகவும் இருக்கலாம், டெங்காகவும் இருக்கலாம். அந்த இடத்தில் யாருக்கும் படம் அனுப்பிக்கொண்டு நிற்கக் கூடாது, 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டி, கண் சிவந்து, உதடு வெடித்து, உடம்பிலும் புள்ளி என்றால் கவசாக்கி என்றொரு நோய் இருக்கிறது. இருதயத்தின் இரத்தக் குழாய்களைப் பாதிப்பது. பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருந்தால் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கோ. பலர் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அம்மாள் வந்த வீடு

அம்மாள் என்று நாங்கள் சொல்கிற கொப்புளிப்பானைப் (சின்னம்மை) பற்றி எங்கள் ஊரில் எழுதுவது கொஞ்சம் ஆபத்தான வேலை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கிழவியாக வந்த அம்மன் இடையச் சிறுவர்களிடம் தலையில் பேன் பார்க்கச் சொன்னதும், பார்த்தால் தலையெல்லாம் கண்ணாக இருந்ததும், கடல்நீரில் விளக்கு எரிந்ததும் இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. கொப்புளம் நிறைந்த உடம்பைப் பார்த்துத்தான் அந்த ஆயிரம் கண் கதை பிறந்ததோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அம்மாவிடம் சொன்னால் வாயில் அடிப்பா.

அம்மாளுக்கு என்று வைத்திருக்கிற பயபக்தி உண்மையில் வைசூரிக்கு (பெரியம்மை) உரியது. அது 1977இல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையாக ஒருவருக்கு வந்தது, 1980இல் உலகத்தில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதன் முறைகளையெல்லாம் கொப்புளிப்பான் சொத்தாகப் பெற்றுக்கொண்டது. அந்தக் காலத்து வைத்தியர்கள் இரண்டையும் பிரித்ததும் நாள் கணக்கால்தான். வைசூரியில் இரண்டு மூன்று நாள் கடும் காய்ச்சலுக்குப் பிறகு முகத்திலும் கை காலிலும் கூடுதலாக, எல்லாம் ஒரே பருவத்தில் முற்றும். கொப்புளிப்பானில் காய்ச்சலும் புள்ளியும் ஏறத்தாழச் சேர்ந்தே வரும், நெஞ்சிலும் முதுகிலும் கூடுதலாக இருக்கும். மூன்று நாலு நாள் புதிது புதிதாக முளைப்பதால் ஒரே இடத்தில் புள்ளி, நீர்க் கொப்புளம், அயறு (காய்ந்த பொருக்கு) மூன்றையும் சேர்த்துக் காணலாம். தலைமயிருக்குள்ளும் விரலால் தடவிப் பாருங்கோ, அங்கேயும் இருக்கும்.

2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொப்புளிப்பான் பரவியதை அங்கே இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் இருமினால் இங்கே கேட்கும். ஒதுக்கி வைக்க இடம் எங்கே? யாரோ எங்கிருந்தோ வேப்பங்கொப்பு தேடிக் கொண்டுவந்து கூடார வாசலில் குத்தினார்கள். நாலு நாளில் அந்த வரிசை முழுக்கக் கொப்பு. வேப்பிலை கட்டுவதை மூடநம்பிக்கை என்று இலேசாகச் சொல்கிறவர்களோடு எனக்குச் சரிவராது. அது வாசலில் வைத்த அறிவித்தல். உள்ளே வருத்தம் இருக்கிறது, கர்ப்பிணிப் பெண் வராதே, கைக்குழந்தையைக் கொண்டுவராதே என்று பாட்டியின் பாசையில் சொல்வது. இளநீர், மோர், மெல்லிய பருத்தித் துணி, மீன் பொரிக்காத வீடு, ஆட்கள் வராத வீடு. பிள்ளைக்கு ஓய்வு. இதில் எதில் குறை பிடிப்பது?

குறை வேறு இடங்களில் இருக்கிறது. புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முதலே தொற்றத் தொடங்கிவிடும், கொப்பு குத்துகிற நேரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. எல்லாக் கொப்புளமும் அயறாகும் வரை, பொதுவாக ஐந்து ஏழு நாள், தொற்றும். தொற்றியவருக்குத் தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கும். அண்ணனுக்கு அயறு உதிருகிற நேரம் தங்கச்சிக்குத் தொடங்குவது அதனால்தான், வருத்தம் இறங்கிய பிறகு சடங்காகத் தண்ணீர் வார்த்ததில் பிழை நடந்ததாலில்லை. அந்தத் தண்ணீர் வார்ப்பு வரைக்கும் குளிக்கவே கூடாது என்பதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. வன்னி வெயிலில் ஒரு கிழமை குளிக்காத பிள்ளை சொறியும். அழுக்கு நகம் பட்டால் கொப்புளம் சீழ் பிடிக்கும், தழும்பு அங்கேதான் விழுகிறது. மெல்ல வெதுவெதுப்பான தண்ணீரில் வேப்பிலையைப் போட்டே தினமும் குளிப்பாட்டுங்கோ, அம்மாள் கோபிக்கமாட்டா. நகத்தை ஒட்ட வெட்டுங்கோ. கலமைன் பூசுங்கோ. கடி, அதாவது அரிப்பு, தாங்காமல் நித்திரை கொள்ளாவிட்டால் டொக்டரிடம் கேட்டு பிரிட்டோன் கொடுக்கலாம். இதிலும் டிஸ்பிரினும் ஐபுபுரோபனும் கூடாது.

மருந்தே கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் பிள்ளைகளைவிடப் பெரியவர்களைத்தான் கவிழ்க்கிறது. எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்ன வயதில் வராமல் தப்பி, பெரியவர்களான பிறகு பலருக்கு வருகிறது. அவர்களுக்கு அது நிமோனியாவரை போகலாம். புள்ளி கண்ட 24 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. ஐந்தாம் நாள் கோயில் பூசை முடித்துக்கொண்டு போனால் அந்த மருந்துக்குப் பெரிய வேலை இல்லை. முன்பு வராத கர்ப்பிணிக்கு அந்த வீட்டோடு தொடர்பு ஏற்பட்டிருந்தால், புள்ளிக்காகக் காத்திராமல் அன்றைக்கே கிளினிக்கில் சொல்ல வேண்டும். இறங்கிய காய்ச்சல் நாலைந்து நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினாலும், கொப்புளத்தைச் சுற்றிச் சுட்டு வீங்கினாலும், பிள்ளை மயங்கித் தள்ளாடினாலும் காத்திருக்க ஒன்றுமில்லை. தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அரசாங்கக் கிளினிக் அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத் தனியாரிடம் போட வேண்டும். எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு முடியும்.

சின்னமுத்துக்கு (தட்டம்மை) அந்தக் கவலை இல்லை. 9 மாதத்தில் ஒன்றும் 3 வயதில் ஒன்றுமாக எம்எம்ஆர் ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. 2019இல் இலங்கையிலிருந்து சின்னமுத்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, 2023இல் அது திரும்ப வந்தது. அதற்கும் ஒரு வரிசை உண்டு: காய்ச்சல், இருமல், மூக்கால் ஓடுதல், சிவந்து பீளை தள்ளுகிற கண், மூன்று நாலு நாள் இப்படி வாடிய பிறகு காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், நெஞ்சு என்று கீழ்நோக்கி இறங்குகிற புள்ளி. பிள்ளை பார்க்கவே பாவமாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் விற்றமின் ஏ கொடுப்பார்கள், கண்ணையும் உயிரையும் காக்கிற மருந்து அது. ஊசி போட்டு ஏழு பத்து நாளில் இலேசான காய்ச்சலும் சில புள்ளிகளும் வந்தால் பதற வேண்டாம், அது ஊசி வேலை செய்கிற அடையாளம். ஊசி போட்ட நாளைக் கலண்டரில் எழுதி வைத்தால் அந்தப் படமும் எனக்கு வராது.

நாள் கணக்கே இல்லாத கடியும் ஒன்று உண்டு. காய்ச்சல் இல்லை, இரவில் கூடும், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் அது சொறிப்பூச்சி. பெர்மெத்ரின் கிறீமை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும், ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடியும். ஒருவர் மட்டும் பூசினால் காசுதான் நட்டம்.

மாட்டிலிருந்து வந்ததோ

போன வருசம் மாரி முடிகிற நேரம் என் முன்பள்ளியில் கை, கால், வாய் நோய் புகுந்தது. முதல் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீணீர் வடிய இருந்தான். பல் முளைக்கிறது என்றார் தாத்தா, நாலு வயதுப் பிள்ளைக்கு! அடுத்த நாள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சாம்பல் பூத்த நீள்வட்டக் கொப்புளங்கள், பின்பக்கத்திலும் முழங்காலிலும் பொடிப் புள்ளி, வாய்க்குள் புண். கிழமை முடிய இன்னும் சிலர். அதற்குள் ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது, பட்டியில் மாடுகளுக்கு வந்த கால், வாய் நோய் பிள்ளைகளுக்குத் தொற்றிவிட்டதென்று. பால் விற்கிற ஒரு அம்மாவிடம் இரண்டு மூன்று வீட்டார் பால் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெற்றார் கூட்டம் வைத்தோம். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் வந்து பேசினா. மாட்டு நோய் வேறு வைரஸ், இது கொக்சாக்கி போன்ற மனித வைரஸ், பிள்ளையிலிருந்து பிள்ளைக்குத்தான் போகும், மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பால்கார அம்மா முன்னாலேயே சொன்னா. அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்காமல் விடுவதுதான் பெரிய கவலை. ஆறிய கஞ்சி, மோர், இளநீர், ஐஸ்பழம் கேட்டால் அதுவும் கொடுங்கோ, தோடம்பழச் சாறு வேண்டாம், எரியும். ஆறு எட்டு மணித்தியாலம் சலம் போகவில்லை என்றால், நித்திரையில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறினால், நடை தளம்பினால் ஆஸ்பத்திரி. மலத்தில் அந்த வைரஸ் கிழமைக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும், அதனால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதைப் பிள்ளை சுகமான பிறகும் விடக்கூடாது.

எப்போது திரும்ப அனுப்பலாம் என்பதில்தான் சண்டை. கடைசிப் புள்ளி மறையும் வரை வரக் கூடாது என்று ஒரு பக்கம். தோட்ட வேலைக்குப் போகிற அம்மாமார் மற்றப் பக்கம், பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கூலியை விடுவது என்று. காய்ச்சல் நின்று, வீணீர் வடிவது நின்று, கொப்புளம் காய்ந்து, பிள்ளை வழமைபோல் சாப்பிட்டால் அனுப்பலாம் என்று முடிவெடுத்தோம். காய்ந்த தழும்புக்காக ஒருவரையும் வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. எல்லோருக்கும் திருப்தி இல்லை, ஒரு அப்பா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு ஒரு கலவரம். ஒரு பிள்ளையின் விரல் நகங்கள் அடியிலிருந்து கழன்று வருகின்றன. அம்மம்மா நூல் கட்டுவித்தா, அம்மா கல்சியம் குளிசை வாங்கினா, யாரோ பங்கசு என்று கிறீம் கொடுத்திருந்தார்கள். கை, கால், வாய் நோய் வந்தது எப்போது என்று கேட்டேன். முடிந்துபோன கதையை ஏன் கேட்கிறீர்கள் என்பது போல அம்மா பார்த்தா. அந்த வருத்தத்துக்குப் பிறகு நாலு ஆறு கிழமையில் சில பிள்ளைகளுக்கு இப்படி நகம் கழரும், நோகாது, அடியில் புது நகம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் என்று மிஸ் சொல்லித் தந்திருந்தா. கிறீமை நிறுத்தச் சொன்னேன். தொங்குகிற நுனி சட்டையில் மாட்டி இழுபடாமல் வெட்டிவிடுங்கோ, பிள்ளையை நாளைக்கே அனுப்புங்கோ என்றேன். நூலைக் கழற்ற வேண்டுமோ என்று கேட்டா. அது கிடக்கட்டும், நனைந்தால் மாற்றிக் கட்டுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.